விறாந்தைக்குத் தமிழ் என்ன?

மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதியில் என் தங்கை தன் மகளுக்கு வீடு கட்டுகிறாள். பெண்பிள்ளைக்குத் தாய் வீடு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதால், வீட்டுப் படம் வந்த அன்று குடும்பமே மேசையைச் சுற்றி நின்றது. பெட்டி பெட்டியாக அடுக்கிய முகப்பு, தட்டையான கூரை, நிலத்திலிருந்து மேல்வரை கண்ணாடி. மேற்கே தெருவைப் பார்த்த சுவரில் பத்தடி உயரத்தில் மூன்றடி அகலக் கொங்கிறீற் தட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே 'விறாந்தை' என்று எழுதியிருந்தார்கள்.

"இதில் விறாந்தை எங்கே, மகன்?" என்று பெரியம்மா கேட்டார். படவரைஞர் விரலால் காட்டினார். "அது மழைக்குப் போட்ட பலகை" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. அந்தப் பிழையில் சொல்லுக்கும் பங்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

தமிழ்நாட்டில் வராந்தா என்பதையே நாம் விறாந்தை என்கிறோம். இரண்டும் போர்த்துக்கேயரின் 'வரண்டா' என்ற சொல்லிலிருந்து வந்தவை. வீட்டுக்குள் கண்ணை ஓட்டினால் அதன் உறவுக்காரர்களைக் காணலாம்: யன்னல், கதிரை, மேசை, அலுமாரி, சாவி, குசினி. மட்டக்களப்பாருக்கு இதில் வியப்பில்லை. புளியந்தீவுக் கோட்டையை 1628இல் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனாலும் போர்த்துக்கேயப் பேச்சு ஊரைவிட்டுப் போகவில்லை. ஐரோப்பிய வழிவந்த எங்கள் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் அந்தக் கலப்புப் போர்த்துக்கேயம் பேசப்படுகிறது.

போர்த்துக்கேயருக்கு இந்தச் சொல் எங்கிருந்து கிடைத்தது என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. சமஸ்கிருத வேரைக் காட்டுவோர் உண்டு, பாரசீக வேரைக் காட்டுவோரும் உண்டு. வாஸ்கோ ட காமாவின் முதற்பயணக் குறிப்பேட்டில், 1498இல் கள்ளிக்கோட்டையில் கண்டதை எழுதும் இடத்திலேயே 'வரண்டா' வருகிறது. கப்பலிலிருந்து இறங்கியவர் உடனே கையாளும் சொல்லை ஊரிலிருந்தே கொண்டுவந்திருப்பார் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அவர்கள் மொழியில் அது மாடி முகப்பையும் அதன் கைப்பிடி வரிசையையும் குறிக்கும். இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டு அவுஸ்திரேலியாவரை பரப்பினார்கள். அப்படிப் பரவியபோது அதன் பொருளாக நின்றது கைப்பிடி அன்று. வீட்டை ஒட்டிய நிழல்.

அந்த நிழலுக்குத் தமிழில் முன்பே பெயர் இருந்தது. எந்தப் பெயர் என்பதில்தான் தடுமாறுகிறோம். கேட்டால் பலரும் தயங்காமல் 'திண்ணை' என்கிறார்கள். திண்ணை அருமையான சொல். ஆனால் அது உட்காரும் மேடை. கூரை இல்லாத இடத்திலும் திண்ணை கட்டலாம். விறாந்தை கட்ட முடியாது. "திண்ணை வேண்டும்" என்று கேட்ட ஒருவருக்கு, வெயிலில் காயும் வெளிச்சுவரை ஒட்டி, பளபளக்கும் தரை ஓடு பதித்த மேடை கட்டிக் கொடுத்ததை நான் கல்லடியில் பார்த்திருக்கிறேன். பகல் பத்து மணிக்கு மேல் அதில் கைவைக்க முடியாது. கேட்ட சொல்லுக்கு மேசன் நேர்மையாகத்தான் கட்டியிருந்தார்.

'முன்றில்' இன்னும் பழையது. இல்லத்தின் முன் என்ற பொருளுள்ள 'இல்முன்' முன்பின்னாக மாறி 'முன்றில்' ஆனது என்று இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படித்திருப்போம். நடுவில் அந்த றகரம் எப்படி வந்தது என்பதற்குத் தொல்காப்பியம் தனி நூற்பாவே வைத்திருக்கிறது. அதையும் தொன்றுதொட்டு மருவி வந்த மரபு என்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஆயினும் முன்றில் என்பது வீட்டுக்கு முன்னால் உள்ள வெளி, ஏறக்குறைய நமது முற்றம். விறாந்தையிலிருந்து இறங்கினால் முன்றில்.

மிஞ்சுவது தாழ்வாரம். 'வாரம்' என்பது சரிவு. மலையடிவாரம் என்னும்போது வரும் அதே வாரம். வீட்டின் கூரை சுவரைத் தாண்டித் தாழ்ந்து இறங்கும் சரிவு தாழ்வாரம். அதன் கீழ் உள்ள இடத்துக்கும் அதுவே பெயர். எங்கள் மேசன்மார் 'பத்தி இறக்குவது' என்று சொல்வதும் இதை ஒட்டித்தான். இரண்டிலும் இறக்கம் இருப்பதைக் கவனியுங்கள். விறாந்தை என்ற சொல்லில் கூரை எவ்வளவு தாழ வேண்டும் என்ற செய்தி இல்லை. தாழ்வாரத்தில் அது முதலெழுத்திலேயே இருக்கிறது.

அந்தத் தாழ்வுக்குக் கணக்கு உண்டு. மட்டக்களப்பில் மார்ச், செப்ரெம்பர் மாதங்களின் நடுப்பகுதி கடந்து, மாலை நான்கு மணிக்கு வெயில் ஏறக்குறைய 30 பாகை உயரத்தில், நேர் மேற்கே நிற்கும். அந்தச் சாய்வில் ஓரடி நீட்டிய கூரை அரையடிக்குச் சற்றே கூடுதலாக நிழல் இறக்கும். பத்தடி உயரத்தில் மூன்றடித் தட்டு நீட்டினால் நிழல் இரண்டடிகூட இறங்காது. கீழே எட்டடிக்கு மேல் கண்ணாடி முழுவதும் வெயில் குடிக்கும். அதே சுவருக்கு ஏழடி அகலத்தில் கூரை இறக்கி, அதன் விளிம்பை ஆறரை அடியில் நிறுத்திப் பாருங்கள். நிழல் அங்கிருந்து நான்கடி இறங்கும். அடியில் இரண்டரை அடிதான் வெயிலுக்கு மிச்சம்; ஓர் அரைச்சுவர் அதையும் மறைத்துவிடும். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் மேற்குச் சுவர் அடுப்புக்கல் போலக் கொதிப்பதை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

தாழ்வாரம் காற்றுக்கு ஆகாது என்று படவரைஞர் ஒரு தடை சொன்னார். அவர் சொன்னதில் உண்மை உண்டு, அதைத் தள்ளிவிடக் கூடாது. 1978 நவம்பர்ச் சூறாவளியை இங்கே யாரும் மறக்கவில்லை. நீட்டிய கூரையின் அடியில் காற்றுப் புகுந்தால் அது மேல்நோக்கித் தூக்கும். விளிம்பு பெயர்ந்தால் முழுக் கூரையும் கூடவே போகும். இதற்கு வழி தாழ்வாரத்தைக் கைவிடுவதா? வீட்டுக் கூரையின் மரங்களையே வெளியே நீட்டாமல், அதற்குக் கீழே தாங்குவதற்குத் தனி வளையும் சரிவாக இறங்கத் தனிக் கைமரமும் கொண்டு தாழ்வாரத்தை வேறாக இறக்கலாம். மோசமான காற்றில் தாழ்வாரம் போனாலும் வீட்டின் கூரை நிற்கும். சூறாவளிப் பகுதிகளுக்கான கட்டட வழிகாட்டிகளும் இதையே சொல்கின்றன.

புதுப்பாணி வீட்டுக்கு இது ஒத்துவராது என்ற பேச்சும் அந்த மேசையில் எழுந்தது. உலகில் பேர்பெற்ற தனிவீடுகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, முற்றத்தையும் அதைச் சுற்றிய தாழ்வாரங்களையும் நம்பியே நிற்கிறது; பின்னாளில் அந்த வீட்டைக் கழற்றி, பாவாவின் தோட்டமான லுணுகங்கைக்குக் கொண்டுபோய் மறுபடி எழுப்பினார்கள் என்றால் அதன் மதிப்பை எண்ணிப்பாருங்கள். அவுஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் கிளென் மர்கட் 1970களின் நடுவில் கெம்சி அருகே ஒரு பண்ணையில் கட்டிய மேரி ஷோர்ட் வீட்டில், மெல்லிய மரமும் தகடும் கொண்ட இரண்டு நீள் கூடங்களின் முனைகளில் தாழ்வாரங்களே அறைகளைப் போலப் புழங்குகின்றன. 2002இல் அவருக்குக் கட்டடக் கலையின் உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது. ஜப்பானியரின் 'எங்காவா'வும் இந்த இனந்தான்: தாழ்ந்த கூரையின் கீழ், அறைக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஓடும் மரத்தளம். அவர்கள் அந்தப் பெயரை மாற்றவில்லை. வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர்கள்கூட அதை எங்காவா என்றே எழுதுகிறார்கள்.

விறாந்தையைப் பேச்சிலிருந்து துரத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நானூறு ஆண்டாக நம்மோடு இருந்து வளவும் கிணறும் போலப் பழகிவிட்ட சொல் அது. ஆனால் வீட்டுப் படத்தில், அளவு எழுதும் இடத்தில், தாழ்வாரம் என்று எழுதுங்கள். உட்கார மேடை வேண்டுமானால் அதன் உள்ளே திண்ணை என்று தனியாகக் குறியுங்கள். வெளியே உள்ளது முற்றம். மூன்றுக்கும் மூன்று பெயர் இருக்கும்போது ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கி ஏமாற நேராது.

இரண்டாவது படம் போன கிழமை வந்தது. மேற்குப் பக்கம் முழுவதும் ஏழடித் தாழ்வாரம், விளிம்பு ஆறரை அடியில், கூரை தனியாக. மேல்மாடிக் கண்ணாடியை மட்டும் மருமகள் விட்டுக்கொடுக்கவில்லை. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தாழ்வாரத்தின் தெற்கு மூலையில் விரலை வைத்து, தன் சாய்மனைக் கதிரைக்கு அந்த இடம் போதுமா என்று அளந்து சொல்லச் சொன்னார்.