நெட்டில் உரசிய பந்து

"காது மெஷின் போட்ட பையனை விளையாட அனுப்பலாமா மேடம்?" பிள்ளைகளின் செவித்திறனைப் பரிசோதிப்பது என் வேலை. ஆடியோகிராமை (எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) விளக்கி முடிப்பதற்குள் பெற்றோரிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். அனுப்பலாம் என்று சொல்லிவிட்டு, காது கேளாத டென்னிஸ் வீரர் லீ டக் ஹீயின் கதையைத் தொடங்குவேன்.

1998-ல் தென்கொரியாவின் ஜெச்சோன் ஊரில் பிறந்தவர். காது கேட்கவில்லை என்று வீட்டில் தெரிந்தது இரண்டு வயதில். (தாமதம்தான். பிறந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது எங்கள் கணக்கு.) ஏழு வயதில் டென்னிஸ் மட்டையைப் பிடித்தார். 2017-ல் உலகத் தரவரிசையில் 130-வது இடம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஒற்றையர் வெண்கலம்; இன்னொரு வெண்கலம் நம் சென்னைப் பையன் பிரஜ்னேஷ் குணேஸ்வரனுக்கு. 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் வின்ஸ்டன்-சேலத்தில் ஹென்றி லாக்சோனனை 7-6, 6-1 என்று வென்றார். ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ்) தொடரின் பிரதானச் சுற்றில் காது கேளாத ஒருவர் ஜெயித்த முதல் ஆட்டம் அதுதான்.

டென்னிஸில் காதுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். நிறையவே இருக்கிறது. மட்டையில் பந்து படும் சத்தத்திலேயே அதன் வேகமும் சுழற்சியும் ஓரளவு பிடிபட்டுவிடும். காதை அடைத்துக்கொண்டு ஆடினால் தனக்குப் பெரிய பாதகம் என்று விம்பிள்டன் வென்ற ஆண்டி மர்ரேயே சொல்லியிருக்கிறார். லீ அதை எதிராளி மட்டை வீசும் விதத்திலிருந்து கண்ணால் எடுத்துக்கொள்கிறார். ஆனால் சர்வீஸ் நெட்டை உரசி நடுவர் 'லெட்' (மறுபடி போடு) என்று கூவினால்? கேட்காது, பந்தைத் துரத்திக்கொண்டே இருப்பார். இதற்கு என்னிடம் கருவி கிடையாது. நடுவர் கையைத் தூக்கிக் காட்டினால் தீர்ந்தது.

லீ சைகை மொழிக்காரர் இல்லை, உதடு பார்த்துப் புரிந்துகொள்பவர். இதைச் சொன்னதும், "அப்போ எங்க பிள்ளைக்கும் சைகை வேண்டாம்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'பாலை', 'மாலை' என்று சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். 'க' உதட்டுக்கு வருவதே இல்லை. விட்டுப்போனதை மூளை ஊகித்து நிரப்புகிறது. நாளெல்லாம் ஊகித்த பிள்ளை மாலையில் துவண்டுவிடும். அதைத்தான் பள்ளியில் 'கவனக்குறைவு' என்று எழுதி அனுப்புகிறார்கள். லீக்கே வின்ஸ்டன்-சேலம் பேட்டியில், கொரிய மொழிக்கு மாறிய கேள்வி வருங்கால மனைவியின் உதடு வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

மெஷினுக்கு வியர்வைதான் எதிரி. நெற்றிப்பட்டையும் கிளிப்பும் போட்டு அனுப்புங்கள், இரவில் உலர்த்தும் டப்பாவில் வையுங்கள். டெஃப்லிம்பிக்ஸ் (காது கேளாதோருக்கான ஒலிம்பிக்ஸ்) அளவுக்குப் போனால் களத்தில் மெஷினைக் கழற்றியே ஆக வேண்டும்; அதனால் அது இல்லாமலும் கொஞ்சம் ஆடிப் பழகட்டும்.

பயிற்சியாளரிடம் நான் கேட்பது இரண்டுதான். பந்து உருளும்போது பேசாதீர்கள், நிறுத்திவிட்டுப் பேசுங்கள். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்காதீர்கள். உங்கள் முகம் இருட்டிவிடும். பிள்ளைக்கு உதடு தெரியாது.