8×10 நெகட்டிவ்வும் 29 டிகிரி தண்ணீரும்

காண்டாக்ட் பிரிண்ட் என்றால் நெகட்டிவ்வைக் காகிதத்தின் மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, விளக்கைப் போடுவது. அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் பெரிய ஃபார்மட்டுக்குள், அதாவது 4×5, 8×10 அங்குல ஷீட் ஃபிலிமுக்குள், வருகிறார்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் தலைக்கு மேல் ஒரு பல்பைத் தொங்கவிட்டே 8×10 பிரிண்ட்களைப் போட்டார் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் பல்புக்குக் கீழே வந்த நெகட்டிவ் எப்படிப்பட்டது என்பதை யாரும் கேட்பதில்லை.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் இருட்டறை வைத்து மற்றவர்களின் நெகட்டிவ்களுக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான், பிரிண்ட்டின் காண்ட்ராஸ்ட்டை (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை) மாற்றும் ஃபில்டரைப் பற்றி: "அண்ணே, இதுக்கு எந்த நம்பர் ஃபில்டர் போட்டா சரியாகும்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "டெவலப் பண்ணும்போது எந்தக் காகிதத்தை மனசுல வச்சிருந்தீங்க தம்பி?" இதற்குப் பதில் வருவது அபூர்வம். காண்ட்ராஸ்ட் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. காகிதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்; நெகட்டிவ்வை அதற்குத் தகுந்தபடி சமையுங்கள்.

ஏன் என்றால், ஒவ்வொரு காகிதத்துக்கும் நெகட்டிவ்விடமிருந்து வேண்டிய அடர்த்தி வீச்சு, அதாவது நெகட்டிவ்வின் மெலிந்த (நிழல்) இடத்துக்கும் கறுத்த (வெளிச்ச) இடத்துக்கும் உள்ள இடைவெளி, வேறு. சாதாரண வெள்ளி ஜெலட்டின் காகிதம், இரண்டாம் கிரேடு (நடுத்தரக் காண்ட்ராஸ்ட்) என்றால், விவரம் தெரியும் நிழலுக்கும் விவரம் தெரியும் வெளிச்சத்துக்கும் நடுவே சுமார் 1.1 முதல் 1.2 வரை இருந்தால் போதும். பிளாட்டினம்-பல்லேடியம் உப்புகள் பூசிய காகிதத்துக்கு 1.8 பக்கம் வேண்டும். உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் பூசிய உப்புக் காகிதம் அதற்கு மேலும் கேட்கும். ஒன்றுக்குச் செய்த நெகட்டிவ் மற்றதில் சாம்பலாக வரும், அல்லது சுண்ணாம்பாக வெளுக்கும். கோடாக் தன் காண்டாக்ட் பிரிண்ட் காகிதமான ஏஸோவை 2005இல் நிறுத்தியபோது, பல ஆண்டுகளாக அதற்கென்றே நெகட்டிவ் செய்து வைத்திருந்தவர்கள் தவித்ததும் இதனால்தான்.

இன்னொரு விஷயம். கண்டென்சர் என்லார்ஜர் (லென்ஸால் ஒளியைக் குவித்து நெகட்டிவ்வைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வெள்ளி நெகட்டிவ்வின் காண்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அடர்த்தியான இடத்தில் ஒளி சிதறி லென்ஸுக்குப் போகாமல் போய்விடுவதுதான் காரணம்; காலியர் விளைவு என்பார்கள். காண்டாக்ட்டில் சிதறும் ஒளியும் காகிதத்தில்தான் விழும். அதனால் என்லார்ஜரில் அழகாக வந்த 4×5 நெகட்டிவ்வை ஃபிரேமில் போட்டால் சப்பென்று இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம்.

அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டர் இல்லாவிட்டாலும் வீச்சை அளக்கலாம். நெகட்டிவ்வை லைட் பேடில் வைத்து, ஒரு சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரால் நிழலையும் வெளிச்சத்தையும் தனித்தனியே படியுங்கள். ஒரு ஸ்டாப் (ஒளி இரண்டு மடங்கு) வித்தியாசம் என்றால் 0.3 அடர்த்தி. நான்கு ஸ்டாப் வந்தால் 1.2, வெள்ளிக் காகிதத்துக்குச் சரி. ஆறு ஸ்டாப் வந்தால் 1.8, அதைப் பிளாட்டினத்துக்கு எடுத்து வையுங்கள். பைரோ போன்ற கறை படியும் டெவலப்பரில் செய்த நெகட்டிவ்வுக்கு மட்டும் இந்த அளவு பொருந்தாது. அந்தக் கறை, பிளாட்டினமும் உப்புக் காகிதமும் உணரும் புற ஊதா ஒளியைக் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கூடுதலாகத் தடுக்கும்.

அதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. ஹோல்டரின் பள்ளம் மறைத்ததால் வெளிச்சமே படாத ஒரு மெல்லிய ஓரம் ஒவ்வொரு ஷீட் ஃபிலிமிலும் இருக்கும். அந்த ஓரம் காகிதத்தின் பாதியை மூடும்படியும், மீதிப் பாதி வெறுமனே இருக்கும்படியும் ஒரு துண்டை ஃபிரேமில் வையுங்கள். மூன்று மூன்று விநாடியாக அட்டையை நகர்த்தி ஒளி கொடுங்கள். டெவலப் செய்து, முழுதாக உலர்த்திய பிறகு பாருங்கள். முதல் படிகளில் ஃபிலிம் ஓரத்துக்கும் வெறும் காகிதத்துக்கும் நடுவே ஒரு கோடு தெளிவாகத் தெரியும். போகப் போக அது மங்கும். எந்தப் படியில் கோடு மறைந்து இரண்டும் ஒரே கறுப்பாகிறதோ, அதுதான் உங்கள் விளக்குக்கும் உயரத்துக்கும் காகிதத்துக்கும் உரிய நேரம்.

இனி அந்த நேரத்தை மாற்றாமல், இரண்டாம் கிரேடில் முழு நெகட்டிவ்வையும் போடுங்கள். நிழல் வெறும் கறுப்பாக வந்தால் கேமராவில் ஒளி போதவில்லை. நிழல் நன்றாக இருந்து மேகம் மட்டும் வெள்ளைக் காகிதமாக நின்றால் டெவலப் கூடிப்போனது. மேகமும் சாம்பலாக வந்தால் டெவலப் குறைவு. ஃபில்டரைத் தொடும் முன் இந்தப் பிரிண்ட்டைப் போடாதவர்களிடம் எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

என் மேசைக்கு வருகிற நெகட்டிவ்களில் அதிகம் காணும் நோய், டெவலப் கூடிப்போவதுதான். காரணம் நம் ஊர்த் தண்ணீர். இல்ஃபோர்டின் பட்டியலில் எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பர் 1+1 கலவையில் 11 நிமிடம் என்று இருக்கும். அது 20 டிகிரிக்கு. பினாங்கில் குழாயைத் திறந்தால் 28, 29 டிகிரியில்தான் தண்ணீர் வருகிறது. ஐஸ் கட்டி போட்டு 20க்குக் கொண்டுவந்து, தட்டையான டிரேயில் ஊற்றி, 8×10 ஷீட்டை அசைக்க ஆரம்பித்தால், நேரம் முடிவதற்குள் சூடு இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடும். கைச்சூடு வேறு. தெர்மாமீட்டரை ஆரம்பத்தில் மட்டும் வைத்துப் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது. நிழலில் பெரிய மாற்றம் இருக்காது. வெளிச்சப் பகுதி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

என் முடிவு, 20 டிகிரியை விட்டுவிடுங்கள் என்பதே. ஏர்கோனை 24இல் வைத்து, டெவலப்பர், அதை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்சர், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் முன்னிரவே அதே அறையில் வைத்துவிடுங்கள். 11 நிமிடம் அங்கே எட்டுக்குள் வந்துவிடும். துல்லியமான நேரத்தை உங்கள் சோதனைப் பிரிண்ட் சொல்லும். 28 டிகிரியிலேயே நேரத்தைக் குறைத்துச் செய்யலாமே என்பார்கள். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் வானம் திட்டுத்திட்டாக வரும் அபாயம் உண்டு, ஷீட் ஃபிலிமில் வானம்தான் பாதிப் படம். வேறு வழியில்லை என்றால் டெவலப்பரை 1+3 ஆகக் கரைத்து நேரத்தை நீட்டுங்கள். அடர்த்தியான இடத்தில் டெவலப்பர் சீக்கிரம் களைத்துப்போவதால் மேகமும் அடங்கும்.

அப்புறம், காட்சி. பினாங்கின் பாலிக் புலாவில் காலை பதினோரு மணிக்கு டுரியான் மரத்தடியையும் அதற்கு மேலே வெளுத்த வானத்தையும் ஒரே ஃபிலிமில் பிடிக்க வேண்டுமென்றால், நிழலுக்கு அரை ஸ்டாப் கூடுதலாக ஒளி கொடுத்து, டெவலப் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைப்பது நல்ல தொடக்கம். கொடிமலையில் மூடுபனி இறங்கியிருக்கும் விடியலில் நேர் எதிர்: காட்சியே இரண்டு மூன்று ஸ்டாப்தான், டெவலப்பைக் கூட்டாவிட்டால் பிரிண்ட்டில் உயிர் இருக்காது.

காட்டுக்குள் போனால் நீண்ட எக்ஸ்போஷரும் காண்ட்ராஸ்ட்டைக் கூட்டும். நேரம் நீள நீள ஃபிலிமின் உணர்திறன் குறைவதால், லென்ஸ் துவாரத்தை எஃப்/45க்குச் சுருக்கி மீட்டர் 10 விநாடி என்றால் எஃப்பி4 பிளஸ்ஸுக்கு 18 விநாடி தேவை; 30 என்றால் 73. கூட்டிக் கொடுத்தாலும் நிழல்தான் அதிகம் இழக்கும், வெளிச்சம் அவ்வளவு இழக்காது. அதனால் தெலுக் பஹாங் பக்கம் தேசியப் பூங்காவுக்குள் எடுத்த ஃபிலிமை நான் சற்றுக் குறைத்தே டெவலப் செய்யச் சொல்வேன்.

கேமராவில் மாட்டும் சிவப்பு ஃபில்டர் மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீல வானத்தை அது கறுப்பாக்கும். நம் தலைக்கு மேல் பெரும்பாலான நாள் இருப்பது ஈரத்தால் வெளுத்த வெள்ளை வானம், அதில் எந்த ஃபில்டருக்கும் வேலை இல்லை. இலைகளைத்தான் அது கறுக்க வைக்கும். மஞ்சள்-பச்சை நம் காட்டுக்கு நல்லது. 1862இல் பினாங்கில் படம் எடுத்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சனின் ஈரக் கொலோடியன் தட்டுகள் (கண்ணாடி நெகட்டிவ்கள்) நீலத்தை மட்டுமே நன்றாக உணர்ந்தவை. அந்தக் காலத்துத் தட்டுகளில் மரங்கள் கனத்தும் வானம் வெறுமையாகவும் இருப்பது அதனால்தான். அவருக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது.

சரி, நெகட்டிவ் ஏற்கெனவே கெட்டுவிட்டது, என்ன செய்வது? மெலிந்த நெகட்டிவ் என்றால், நன்றாக ஃபிக்ஸ் செய்து கழுவிய பின் செலீனியம் டோனரில் போட்டால் வெளிச்சப் பகுதி ஓரளவு ஏறும். முரட்டு நெகட்டிவ் என்றால், என்லார்ஜரையே விளக்காக வைத்து மல்டிகிரேடு காகிதத்தில் காண்ட்ராஸ்ட் குறைக்கும் 00 ஃபில்டரும் கூட்டும் 5 ஃபில்டரும் மாற்றிப் போடலாம். காகிதத்துக்கு முன்கூட்டியே மிக மெல்லிய ஒளி காட்டி வெளிச்சப் பகுதியைத் தட்டி எழுப்பலாம். அதிலும் அடங்காததை உப்புக் காகிதத்துக்கு மாற்றுங்கள். வெள்ளிக் காகிதத்தில் சுண்ணாம்பாக நின்ற மேகம் அதில் வடிவத்தோடு வருவதைப் பார்க்கலாம்.

காகிதத்தின் வயதையும் பாருங்கள். மலிவாகக் கிடைத்தது என்று வெயில் ஏறும் கடைவீட்டு மாடியில் கிடந்த பெட்டியை வாங்கினால், மூட்டம் பிடித்த அந்தக் காகிதத்தில் சுத்த வெள்ளையே வராது. பழியை நெகட்டிவ் சுமக்கும். ஈரமான நாளில் எமல்ஷனோடு எமல்ஷன் அழுந்தும்போது நெகட்டிவ் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். சாயங்கால மழைக்குப் பிறகு ஏர்கோன் ஓடாத அறையில் நான் ஃபிரேமையே மூடமாட்டேன். ஈரப் பிரிண்ட்டைப் பார்த்துக் காண்ட்ராஸ்ட்டைத் தீர்மானிப்பதும் வேண்டாம். உலர்ந்தால் வெளிச்சப் பகுதி சற்று இருண்டுவிடும். ஹேர் டிரையர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இரசாயனம். காண்ட்ராஸ்ட்டைக் கூட்ட சில சொட்டு டைக்குரோமேட் சேர்க்கச் சொல்லும் பழைய குறிப்புகள் நிறைய உலவுகின்றன. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். வீட்டுச் சமையலறையில் அதற்கு இடமே இல்லை. சயனோடைப் எனும் நீலப் பிரிண்ட் செய்கிறவர்களுக்கு அது தேவையும் இல்லை; நெகட்டிவ்வைச் சரியாகச் செய்யுங்கள், காண்ட்ராஸ்ட் கூடிவிட்டால் முதல் கழுவலில் கொஞ்சம் வினிகர் சேருங்கள், நடு நிறங்கள் நீளும். பைரோ டெவலப்பரில் உள்ள பைரோகால் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், டிரேயில் வெறுங்கையால் ஷீட் புரட்டுவது கூடவே கூடாது. நைட்ரில் கையுறை போடுங்கள். செலீனியம் டோனரை ஜன்னல் திறந்த அறையில் மட்டும் பயன்படுத்துங்கள். பயன்படுத்தி முடித்த ஃபிக்சரில் வெள்ளி இருக்கிறது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி புகைப்பட இரசாயனக் கழிவு அட்டவணைக் கழிவுகளில் (ஆபத்தானவை என்று பட்டியலிட்ட கழிவுகளில்) ஒன்று. சிங்க்கில் ஊற்றாமல், மூடியுள்ள கேனில் சேர்த்து, உள்ளே என்ன, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி, அத்தகைய கழிவை எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள்.