மர்மம் வேண்டாம், மருட்கை போதும்

மிகுபுனைவு, அதாவது ஃபேன்டசி, எழுதுவது பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'உங்கள் உலகில் மர்மத்தைக் காப்பாற்றுங்கள்' என்ற வரியை அடிக்கடி பார்க்கிறேன். 'மிஸ்டரி'க்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

'மிஸ்டரி' கிரேக்க வழி வந்தது. கண்ணையோ வாயையோ மூடுவது அதன் வேர் என்பார்கள். மர்மம் வடமொழி. அடிபட்டால் உயிர் போகும் உடலிடம், நம் வர்மக்கலையின் வர்மம். அப்புறம் மறைபொருள் ஆனது.

இன்றைக்கு மர்மம் என்றால்? மர்ம நபர், மர்மக் காய்ச்சல், மர்மச் சாவு. எல்லாவற்றையும் யாராவது துப்புத் துலக்கியாக வேண்டும். மர்மம் என்று சொன்னதுமே விடை சொல்லும் கடன் தலையில் ஏறிவிடுகிறது. நண்பரின் நாவல் கைப்பிரதியில் ஓர் ஆறு, ராத்திரியில் மட்டும் மலையை நோக்கி ஏறும். ஊர்க்காரர்கள் அந்நேரம் குடங்களைக் கவிழ்த்து வைத்துக் கதவடைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். எனக்குப் புல்லரித்தது. அடுத்த வரைவில் அது 'மர்ம ஆறு' ஆகியிருந்தது. ஏன் ஏறுகிறது என்று விளக்க ஒரு சாபம், ஒரு மந்திரக்கல், கூடுதலாக இரண்டு அத்தியாயங்கள். குடங்களைக் காணவில்லை.

'புதிர்' இன்னும் மோசம். போடுகிறவரிடம் விடை இருக்கிறது. 'அற்புத'த்தைச் சாம்பாருக்கும் சொல்லித் தேய்த்துவிட்டோம். வியப்பு நல்ல சொல்தான், ஆனால் உயர்ந்த புருவம் இறங்கியதும் முடிந்துவிடும்.

உள்ளத்து உணர்வு உடலில் தெரிவதை மெய்ப்பாடு என்பார்கள். தொல்காப்பியரின் எட்டு மெய்ப்பாடுகளில் நான்காவது மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து பிறப்பது. அதற்கு அவர் தரும் அடை 'மதிமை சாலா'. அறிவு போதாமல் நிற்கிற நிலை. இதைவிடத் துல்லியமாக ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு என்ன வேண்டும்? மருள் மயக்கம்தானே, வள்ளுவர் 'மருள்நீங்கி' என்கிறாரே என்பார்கள். மெய்யுணர்வைத் தேடுகிறவருக்கு அது நீங்கத்தான் வேண்டும். கதை கேட்க உட்கார்ந்தவருக்கு எதற்கு நீங்க வேண்டும்?

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், அதில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரம் யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. தெரிந்தேதான் அப்படி விட்டதாக 1954இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்த இடத்துக்குப் பெயர் மருட்கை. நம் பாட்டிகளும் அதைத்தான் செய்தார்கள். ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளி, அதற்குள் அரக்கனின் உயிர். அது எப்படி உள்ளே போனது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கிளியின் கழுத்தில் கை வைக்கும் இடம் வந்ததும் பாட்டியின் சேலையை இறுகப் பிடித்துக்கொள்வேன்.