அரை நாள் சிட்டி டூரில் அரை நாள் எங்கே போகிறது?

பட்டாயாவிலிருந்து காலை ஒன்பதரைக்குக் கிளம்பும் பேருந்து பாங்காக்கைத் தொடும்போது மதியமாகிவிடும். சுமார் 150 கிலோமீட்டர்தான், ஆனால் நகரத்துக்குள் நுழைந்த பிறகு வண்டி ஊரும். இந்தியன் ரெஸ்டாரன்டில் சாப்பாடு. குழுவில் பாதிப் பேர் இரண்டாவது முறை ரசம் கேட்பார்கள். அதெல்லாம் முடிந்து, உங்கள் இட்டினரரியில் தடித்த எழுத்தில் போட்டிருக்கும் ‘ஹாஃப் டே பாங்காக் சிட்டி அண்ட் டெம்பிள் டூர்’ தொடங்கும்போது மணி ஒன்றரை இரண்டு. ஐந்து மணிக்கு ஓட்டலில் செக்-இன். நடுவில் இருப்பது மூன்று மணி நேரம். அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே ஒரு நகைக்கடைக்குள் போய்விடும்.

பதினேழு வருடங்களாகச் சென்னையிலிருந்து தாய்லாந்துக்குக் குழுக்களை அழைத்துப் போகும் டூர் மேனேஜர் நான். இதைச் சொல்வதால் சக தொழில்காரர்கள் சிலருக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். முதல் நான்கைந்து வருடங்கள் அந்தக் கடையின் கமிஷன் கவரை நானும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டிருக்கிறேன். அதனால் கணக்கு எனக்குத் தெரியும்.

பேருந்து கடை வாசலில் நின்றதும் ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தொலைந்து போகாமல் இருக்கத்தான் என்று பாக்ஸ் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் தொழிலில் பயணிகளுக்குப் பெயர் பாக்ஸ். உண்மையில் அது குழுவின் அடையாளம். நீங்கள் வாங்கும் பொருள் எந்த கைடு, எந்த ஏஜென்ட் கணக்கில் ஏற வேண்டும் என்பதற்காக ஒட்டுவது. உள்ளே போனதும் சுரங்கம் பற்றி ஒரு சின்னப் படம், கண்ணாடிக்குப் பின்னால் பட்டை தீட்டும் தொழிலாளர்கள், குளிர்ந்த ஜூஸ். அப்புறம் கல்யாண மண்டபம் போன்ற ஒரு பெரிய ஹால். குடும்பத்துக்கு ஒரு விற்பனையாளர் ஒட்டிக்கொள்வார், இந்தியும் கொஞ்சம் தமிழும் பேசுவார். வந்த வாசல் வழியாகத் திரும்ப முடியாது. தோல் பைகள், பட்டு, யானைப் பொம்மைகள் எல்லாவற்றையும் கடந்துதான் வெளியே வரவேண்டும். விற்பனையில் கமிஷன் உண்டு. ஒன்றுமே விற்காவிட்டாலும் ஆள் கொண்டுவந்ததற்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கடைகளும் உண்டு.

நியாயமாகச் சொல்லவேண்டும், இந்த மாதிரிப் பெரிய கடைகளில் நான் பார்த்தவரை கல் பொய்யில்லை. தாய்லாந்து மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் பெயர்போன நாடு, சந்தபுரி என்ற ஊரே அந்த வியாபாரத்தால் வாழ்கிறது. பிரச்சினை விலை. உங்களைக் கொண்டுவந்து இறக்கிய அத்தனை பேருடைய பங்கும் அந்தக் கல்லின் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஊருக்குப் போய் விற்றால் லாபம் என்று யாராவது சொன்னால் ஜூஸைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய பிரச்சினை நேரம். அரை நாள் டூரை ‘கம்ப்ளிமென்டரி’ என்று போட்டிருந்தால், பேருந்துக்கும் கைடுக்கும் காசு வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். உங்கள் ஒரு மணி நேரத்தைக் கடைக்கு விற்றுத்தான் அந்தக் காசு வருகிறது. இதையே முழுப் பயணத்துக்கும் செய்வதை ‘ஜீரோ டாலர் டூர்’ என்பார்கள். அடக்க விலைக்கும் கீழே ஆட்களைக் கூட்டிவந்து கடை கடையாக இறக்கி ஈடுகட்டுவது. பெரும்பாலும் சீனக் குழுக்களை வைத்து நடந்த இந்த வியாபாரத்தின் மேல் தாய்லாந்து அரசு 2016இல் கடுமையாக நடவடிக்கை எடுத்தது. நம் ஊர்ப் பேக்கேஜ்கள் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் அந்த அரை நாள் மட்டும் அதே கணக்கில்தான் ஓடுகிறது.

“பாங்காக் போய்ட்டு வந்தோம், ஆனா அரண்மனையைப் பாக்கலை சார்” என்று சொல்பவர்கள் எத்தனை பேர்! காரணம் எளிது. கிராண்ட் பேலஸில் மாலை மூன்றரை மணிக்கு டிக்கெட் முடிந்துவிடும். சாப்பிட்டுவிட்டு மதியம் கிளம்பும் டூர் அங்கே எட்டிப் பார்க்கவே முடியாது. தவிர, வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 500 பாட். நாற்பது பேர் என்றால் 20,000 பாட். மலிவுப் பேக்கேஜில் அதை யார் போடுவார்கள்? ஆகவே இட்டினரரியில் ‘போட்டோ ஸ்டாப்’ என்றோ ‘டிரைவ் பை’ என்றோ இருக்கும். பேருந்து மதிலை ஒட்டிப் போகும், கைடு கையைக் காட்டுவார், அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாகக் காட்டுபவை மட்டம் என்று சொல்லமாட்டேன். சீனர் தெருவான யவ்வராட்டின் முனையில், வாட் திரைமித் கோயிலில் இருக்கும் தங்க புத்தர் சுமார் ஐந்தரை டன். மேலே சுதை பூசியிருந்ததால் நீண்ட காலம் யாருக்கும் அது தங்கம் என்று தெரியாது. 1955இல் இடம் மாற்றத் தூக்கும்போது கயிறு அறுந்து விழுந்து, பூச்சு உடைந்த இடத்தில் தங்கம் தெரிந்தது. நல்ல கைடு கிடைத்தால் இந்தக் கதைக்கே இருபது நிமிடம் நிற்கலாம். கடைக்கு நேரமாகிவிட்டால் பத்து நிமிடத்தில் “கம் கம்” என்பார்.

கைடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. “நீங்களே தமிழ்ல சொல்லுங்க சார், அந்தம்மா இங்கிலீஷ் புரியலை” என்று பாக்ஸ் என்னைக் கடிந்துகொள்வார்கள். அந்த நாட்டுச் சட்டப்படி கைடு வேலை தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டுமே. உரிமம் பெற்றவர் கழுத்தில் அட்டை தொங்கும். கோயில் வாசலில் நின்று நான் குழுவுக்கு விளக்கம் கொடுத்தால் அது குற்றம். அதனால்தான் பேருந்துக்குள் பேசிவிட்டு, இறங்கியதும் வாயை மூடிக்கொள்கிறோம். அட்டை இல்லாமல் “நான்தான் உங்கள் கைடு” என்று ஒருவர் வந்தால், அவர் எந்த நாட்டவராக இருந்தாலும் யோசியுங்கள்.

சரி, பேருந்து டூர் வேண்டாம், நாமே போகலாம் என்று கிளம்புபவர்களுக்கு வேறொரு வலை விரித்திருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி அதில் விழுந்தார்கள். குழுவுக்கு ஓய்வு நாளன்று, அவர்கள் இருவர் மட்டும் அரண்மனைக்குப் போனார்கள். மதில் ஓரத்தில், இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் ஏதோ ஓர் அட்டையுமாக ஒருவர், “இன்று பௌத்தத் திருநாள், பகல் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை வேறு கோயில் பாருங்கள்” என்று சொல்லி, வரைபடத்தில் மூன்று இடங்களைச் சுழித்துக் கொடுத்தார். அந்த நேரத்தில் அந்த ஊர் ஆட்டோவான டுக் டுக் ஒன்றும் தற்செயலாக வந்து நின்றது. மூன்று இடத்துக்கும் சேர்த்து 20 பாட்.

இருபது பாட்டுக்குப் பெட்ரோல்கூட வராதே என்று வாத்தியாருக்குத் தோன்றாமல் இல்லை. “அரசாங்கச் சலுகையாம்” என்று சமாதானம் செய்துகொண்டார். முதல் கோயிலில் ஆளே இல்லை. கும்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் பேச்சுக் கொடுத்தார். வரியில்லாமல் நீலக்கல் விற்கும் ஏற்றுமதி நிலையம் ஒன்று இருக்கிறது, இன்றுதான் கடைசி நாள், நானே போன வருடம் வாங்கினேன் என்றார். டுக் டுக்காரரும் அதே கடையைச் சொன்னார். இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதால் நம்பிக்கை வந்துவிட்டது. போதாததற்கு, ஜாதகப்படி நீலம் போடலாம் என்று ஊர் ஜோசியர் வேறு சொல்லி அனுப்பியிருந்தார். 24,000 பாட், கார்டில்.

என்னிடம் திரும்பும் விமானத்தில்தான் சொன்னார்கள். சென்னையில் நகைக்கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, செயற்கைக் கல் என்றார். பின் நம்பரை நீங்களே போட்டிருக்கிறீர்கள் என்று வங்கி கையை விரித்தது. பாங்காக்கில் இருக்கும்போதே 1155 என்ற சுற்றுலாப் போலீஸ் எண்ணுக்குப் பேசியிருந்தால், கடைக்கு நேரே போய்ப் பணத்தைக் கேட்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். இந்த எண்ணை இப்போது குழுவில் எல்லோரையும் முதல் நாளே போனில் சேமிக்க வைக்கிறேன். ஆங்கிலத்தில் பேசலாம்.

அரச வைபவங்களுக்காகச் சில நாட்கள் தவிர, அரண்மனை தினமும் காலை எட்டரைக்குத் திறக்கும். மூடியிருக்கிறதா என்பதை டிக்கெட் வாசலில் நிற்கும் காவலரிடம் மட்டும் கேளுங்கள். சாலையில் யார் சொன்னாலும் நடந்துகொண்டே இருங்கள். அந்நியர் பேச்சை நம்பாதீர்கள் என்று அங்கேயே பலகை வைத்திருக்கிறார்கள். பலகையைப் படிக்கும் இடத்துக்குப் போகும் முன்பே ஆளைப் பிடித்துவிடுகிறார்கள் என்பதுதான் சோகம்.

பேக்கேஜ் பேசும்போதே உங்கள் ஏஜென்டிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். சிட்டி டூர் காலையிலா மதியத்திலா? கோயில் கட்டணங்கள் சேர்த்தியா? எஸ்.ஐ.சி.யா, பிரைவேட்டா? எஸ்.ஐ.சி. என்றால் ஊர் பேர் தெரியாத மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் வண்டி, உங்களுக்காக எங்கும் நிற்காது. எத்தனை கடை, எவ்வளவு நேரம்? கடையே வேண்டாம் என்றால் எவ்வளவு கூடும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஏஜென்ட் ஒரு தொகை சொன்னால் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் அது ஒரு நல்ல இரவுச் சாப்பாட்டின் செலவுக்கு மேல் போவதில்லை.

இப்போது என் குழுக்களுக்கு நான் போடும் அரை நாள் வேறு. பாங்காக்கில் தங்கும் மறுநாள் காலை, சனாம் சாய் மெட்ரோ நிலையம். 2019இல் திறந்தது, வந்ததும் எங்களுக்குப் பேருந்தில் நெரிசலில் ஊரும் தொல்லை தீர்ந்தது. அங்கிருந்து அரண்மனை வாசலுக்கு இருபது நிமிட நடை. எட்டரைக்கு முதல் ஆளாக உள்ளே போய்விட வேண்டும். பத்தரைக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து படுத்திவிடும், ஏப்ரலில் கேட்கவே வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். பட்டாயாவில் பழகிய அரைக்கால் சட்டையோடு வந்துவிட்டு வாசலில் சண்டை போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மரகத புத்தர் சன்னிதிக்குள் படம் எடுக்கக்கூடாது. புத்தர் சிலையை நினைவுப்பொருளாக வாங்கும் ஆசை இருந்தால், அதை நாட்டை விட்டு எடுத்துப்போக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சிலோம் சாலை மாரியம்மன் கோயிலையும் இதிலேயே சேர்க்கச் சொல்வார்கள். தமிழர்கள் கட்டிய பழைய கோயில், பார்க்கவேண்டியதுதான். ஆனால் வேறு திசை, மாலையில் தனியாகப் போங்கள். செந்நிற ராட்சத ஊஞ்சல் மட்டும் வழியில் வந்தால் நிறுத்தச் சொல்வேன். 1784இல் முதலில் நட்டது. ஊஞ்சல் ஆடும் சடங்கு 1930களில் நின்றுபோனது. அந்த விழாவின் பெயர் திரியம்பவாய். நம் திருவெம்பாவைதான். பக்கத்திலேயே அந்தணர் கோயில் இருக்கிறது. பல டூர் பேருந்துகள் இதைத் தாண்டித்தான் கடைக்குப் போகின்றன, யாரும் சொல்வதில்லை.

அரண்மனைக்குள் நான் அதிக நேரம் ஒதுக்குவது மரகத புத்தர் கோயிலைச் சுற்றி ஓடும் பிரகாரத்துக்கு. சுவர் முழுக்க 178 ஓவியங்கள், அவர்களுடைய ராமாயணமான ராமகியன். ஒருமுறை திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர் குழுவில் வந்திருந்தார், எழுபத்தாறு வயது. கைடு பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார். ஆச்சி ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். மலை போல் வளர்ந்த அனுமார், வாய்க்குள் ஒரு மண்டபம்.

“தம்பி, இது மயில்ராவணன் கதைல்லா?”

அதேதான். அவர்கள் மையராப் என்பார்கள்.

“நம்ம ஊர்ல வாலைச் சுத்திக் கோட்டை கட்டுவாரு. இங்க வாயிலயே போட்டுக்கிட்டாரா!” என்று சிரித்தார். அப்புறம் பாதாளத்தில் தன் மகனோடு அனுமார் சண்டை போடும் படத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்தார். நமக்கு மச்சவல்லபன், அவர்களுக்கு மச்சானு. ஆச்சியைச் சுற்றிக் குழுவே கூடிவிட்டது. இவரிடம் யாராவது லைசென்ஸ் கேட்பார்களோ என்று எனக்கு உள்ளூரப் பயம். கைடு அம்மா திரும்பி வந்து, புரியாவிட்டாலும் கைகட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அதனால் வாட் போவுக்குப் போக அரை மணி தாமதம். 46 மீட்டர் நீளப் படுத்திருக்கும் புத்தரின் பாதத்தில் முத்துச்சிப்பி பதித்த 108 சின்னங்களை ஆச்சி விரலை நீட்டி எண்ணத் தொடங்க, நான் கெஞ்சிக் கிளப்பினேன். எதிரில் தா தியன் படித்துறை. அங்கே நீள்வால் படகுக்காரர்கள் தனி சவாரிக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அக்கரையில் வாட் அருணுக்குப் போக அது தேவையே இல்லை, ஆற்றைக் கடக்கும் சாதாரணப் படகு நான் போனபோது 5 பாட்தான்.

கட்டணம் கொடுக்க ஆச்சி சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு பழைய பத்து பாட் நாணயத்தை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் அதே கோபுரம் காசின் பின்னாலும் இருந்தது. “இதக் குடுக்க மாட்டேன்” என்று மறுபடி உள்ளே போட்டு முடிச்சைப் போட்டுவிட்டார். அவருக்கும் சேர்த்து நானே கொடுத்தேன்.