கண்ணில் தெரியும் வெளிச்சம்: ஃபிளாஷா, கிளேரா, ஹேலோவா?

"டாக்டர், கண்ணுல லைட் அடிக்குது." கண் மருத்துவமனையில் தினமும் காதில் விழுகிற புகார் இது. ஒரே வாக்கியம்தான், அதற்குள் நாலைந்து வெவ்வேறு சங்கதிகள் இருக்கலாம். சிலதுக்கு அடுத்த மாதம் வந்தால் போதும். சிலதுக்கு நாளைக் காலை வரை காத்திருப்பதே ஆபத்து.

ஆங்கில மருத்துவத்தில் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள்: ஃபிளாஷ், கிளேர், ஹேலோ, ஷிம்மர், க்ளோ. அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் ஒளி, பிரகாசம், மினுக்கம் என்று ஏறக்குறைய ஒரே பொருள்தான் கிடைக்கும். கூகுளில் தேடிவிட்டு வருகிறவர்கள் இதில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஹேலோ தெரிகிறவர் அதைக் கிளேர் என்று நினைத்துக் கூலிங் கிளாஸ் வாங்கிப் போட்டுக்கொண்டால், உள்ளே நோய் வளர்ந்துகொண்டே போகும். அதனால்தான் இந்த வித்தியாசத்தை விரிவாக எழுதுகிறேன்.

நான் முதலில் கேட்பது இதுதான்: அந்த வெளிச்சம் தெரிவதற்கு எதிரே ஒரு விளக்கு வேண்டுமா, இல்லை இருட்டில் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிகிறதா?

கண்ணை மூடினாலும் பளிச்சென்று ஓரத்தில் ஒரு கோடு வெட்டி மறைந்தால், அது ஃபிளாஷ். ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கும்போது, கண்ணைச் சட்டென்று திருப்பும்போது, காதுப் பக்கமாக மின்னல் மாதிரி வெட்டும். ஒரு நொடிகூட நிற்காது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல், இளம் நுங்கு பதத்தில் இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டும்போது அது நீர்த்துச் சுருங்கி, பின்னாலிருக்கும் விழித்திரையை விட்டுப் பிரிய ஆரம்பிக்கும். இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் விழித்திரையைப் பிடித்து இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. இழுத்தாலும் அழுத்தினாலும் அது மூளைக்கு அனுப்பும் ஒரே சேதி வெளிச்சம்தான். மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் இது இன்னும் சின்ன வயதிலேயே வரலாம்.

பெரும்பாலானவர்களுக்கு ஜெல் முழுசாகப் பிரிந்ததும் சில வாரங்களில், சில மாதங்களில் மின்னல் அடங்கிவிடும். ஆனால் இப்படிப் புதிதாகத் தொந்தரவு தொடங்கி வருகிறவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு விழித்திரையில் கிழிசல் இருக்கும். கிழிசலாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் லேசர் போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். விட்டுவிட்டால் கிழிசல் வழியே நீர் இறங்கி விழித்திரையையே உரித்துவிடும். அப்புறம் ஆபரேஷன்தான். நடுப்பகுதியும் உரிந்துபோனால், ஆபரேஷன் நன்றாக முடிந்தாலும் பழைய பார்வை பலருக்கு முழுசாகத் திரும்புவதில்லை.

மின்னலோடு சேர்ந்து திடீரென்று கரும்புள்ளிகள் கொத்தாகத் தெரிந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல இருட்டினாலோ, அன்றைக்கே வாருங்கள். "பூச்சி பறக்குது" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பசி மயக்கத்துக்கும் நாம் அதைத்தான் சொல்கிறோம். சட்டென்று எழுந்து நிற்கும்போது இரண்டு கண்ணிலும் வந்து உடனே போகிற பூச்சி வேறு. ஒரு கண்ணில் மட்டும், பார்வை போகும் பக்கமெல்லாம் கூடவே நகர்கிற பூச்சி வேறு.

எதிரே விளக்கு இருந்தால்தான் தொல்லை என்றால், அது கிளேர் அல்லது ஹேலோ. கிளேர் என்பது கூச்சம். எதிர் வண்டியின் ஹெட்லைட் முகத்தில் அடித்ததும் ரோடே தெரியாமல் போவது இதனால்தான். கண்புரையில் இது சகஜம். லென்ஸின் பின்பக்க நடுவில் விழுகிற ஒரு வகைப் புரை உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும், ஸ்டீராய்டு மருந்து நீண்ட நாள் எடுப்பவர்களுக்கும் அதிகம் வருவது. வெயிலில் பாப்பா, அதாவது கருவிழி நடுவில் வெளிச்சம் உள்ளே போகும் துளை, சுருங்கும்போது, பார்ப்பதற்கு மிஞ்சுகிற வழியையே அந்தப் புரை அடைத்துவிடும். இருட்டறையில் வைத்த போர்டில் கடைசிக்கு முந்தைய வரி வரை படித்துவிட்டு, வாசலுக்குப் போனதும் தடுமாறுகிறவர்கள் இவர்கள். "போர்டு நல்லா படிக்கிறாரே" என்று வீட்டில் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். கூச்சத்தோடு வலியும் சிவப்பும் சேர்ந்தால் கதை வேறு: கருவிழியில் புண்ணோ, உள்ளே அழற்சியோ இருக்கலாம். அதற்கு மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஹேலோ என்றால் விளக்கைச் சுற்றி வட்டம். வெறும் வெள்ளை வட்டமா, வானவில் நிறங்களோடு தெரிகிறதா என்று கவனியுங்கள். நிற வட்டம், மங்கல், ஒரு பக்கத் தலைவலி மூன்றும் சேர்ந்து வந்தால் கண் அழுத்தம் எகிறியிருக்கலாம். வழக்கமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கிற அழுத்தம், இந்த வகைக் கண் அழுத்த நோய் (க்ளாக்கோமா) முற்றித் தாக்கும்போது 50, 60 வரைகூட ஏறும். கருவிழியில் நீர் கோத்துக்கொள்வதால்தான் வெளிச்சம் நிறமாகப் பிரிகிறது. சாயங்காலத்திலும் சினிமா தியேட்டரிலும் பாப்பா விரியும்போது வரும், தூங்கினால் தணிந்துவிடும். அதனாலேயே பலரும் இதைக் களைப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். முற்றிய தாக்குதலில் வாந்தி வரும். பித்தம் என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு ராத்திரியைக் கழித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு ராத்திரியிலேயே கண் நரம்பு கெட்டுப்போகலாம். தூரப்பார்வைக்குப் பிளஸ் பவர் கண்ணாடி போடும் நடுத்தர வயதுப் பெண்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

புரையிலும் நிற வட்டம் வரும். பிரித்துப் பார்க்கப் பழைய முறை ஒன்று உண்டு. மெல்லிய பிளவுள்ள ஒரு தகட்டைக் கண்ணுக்கு முன்னால் குறுக்கே நகர்த்துவோம். புரையால் வந்த வட்டம் துண்டு துண்டாக உடைந்து தெரியும். அழுத்தத்தால் வந்தது மங்கினாலும் முழு வட்டமாகவே நிற்கும். இப்போது அழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது, ஓரிரு நிமிட வேலை.

ஷிம்மர் என்பது நடுங்கும் மினுக்கம். நடுவில் ஒரு புள்ளியாக ஆரம்பித்து, கோணல் மாணலான கோடுகளாக விரிந்து, இருபது முப்பது நிமிடத்தில் ஓரத்துக்குப் போய் மறையும். எந்தக் கண்ணை மூடினாலும் தெரிகிறதென்றால், அது கிளம்புகிற இடம் மூளை. மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலியின் முன்னறிவிப்பு அது. தலைவலியே வராமல்கூட வந்து போகும். ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர் தனக்கு வந்ததையே கட்டம் கட்டமாக வரைந்து 1870-ல் வெளியிட்டார். கோட்டை மதில் போன்ற அந்தப் படத்தைக் காட்டினால், "இதேதான்" என்பார்கள் நோயாளிகள். ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வந்தாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, மைக்ரேன் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

கடைசியாக க்ளோ. இது மற்றவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் பாப்பா சிவப்பாகத் தெரிந்தால் பயமில்லை. உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்களின் நிறம் அது. ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் அந்தப் போட்டோவை அழிக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். குழந்தை ஓரமாகப் பார்த்ததால் ஒரே ஒரு படத்தில் அப்படி விழுவதும் உண்டு. ஆனால் அதைப் பரிசோதித்துவிட்டு நாங்கள் சொல்கிறோம். பிறவிக் கண்புரையாக இருக்கலாம், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்தப் புற்றுநோய் 15,000 முதல் 20,000 பிரசவங்களுக்கு ஒரு குழந்தைக்கு வருகிறது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். கண்ணைத் தாண்டிப் பரவுவதற்குள் வந்துவிட்டால் உயிரைக் காப்பாற்றிவிடலாம், பல நேரம் கண்ணையும்.

எதற்காக வந்தாலும் எத்தனை நாளாக, எந்தக் கண், எவ்வளவு நேரம் என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்து வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து போட வேண்டியிருக்கும். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெயிலில் கண் கூசும். வண்டியை நீங்கள் ஓட்டிக்கொண்டு வராமல், துணைக்கு யாரையாவது அழைத்து வாருங்கள்.