நோட்டை நகர்த்தினீர்கள், கமகம் எங்கே போனது?

போன வருடம் ஒரு கீபோர்ட் புரோகிராமர் எனக்கு ஒரு புராஜெக்ட் ஃபைல் அனுப்பினார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "சார், நான் ஒண்ணுமே பண்ணல. ரெண்டு பாரை காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணேன், அவ்வளவுதான். நாதஸ்வரம் செத்துப்போச்சு."

திறந்து கேட்டேன். முதல் இரண்டு பாரில், அதாவது இரண்டு தாளச் சுற்றில், ஸ்வரங்கள் அசைந்து, வழுக்கி, உயிரோடு இருந்தன. பேஸ்ட் செய்த இடத்தில் அதே ஸ்வரங்கள் ஹார்மோனியக் கட்டையை அமுக்கினாற்போல நேராக நின்றன. அதைவிட மோசமான ஒன்று கொஞ்சம் தள்ளி இருந்தது. ஒரு சொற்றொடரை அவர் நான்கு பார் தள்ளி வைத்திருக்கிறார், நோட்டுகள் போய்விட்டன, கமகம், அதாவது அந்த அசைவு, மட்டும் பழைய இடத்திலேயே கிடந்து, பிற்பாடு அங்கே அவர் வாசித்த நீளமான ஷட்ஜத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அது ஏன் ஆடுகிறது என்று தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க சாம்பிள் லைப்ரரியை (பதிவு செய்த கருவி ஒலிகளின் தொகுப்பை) சந்தேகப்பட்டு மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்திருக்கிறார்.

இசைத் தயாரிப்பு மென்பொருளில் நோட் எடிட்டர் எழுதுவதுதான் என் வேலை. அந்த ராத்திரி வீணானதற்கு அவர் காரணம் இல்லை, எங்கள் எடிட்டர்தான் காரணம். அதனால்தான் இதை எழுதுகிறேன். வீட்டிலேயே லேப்டாப் வைத்து இசை அமைப்பவர்களுக்கும், இந்த மாதிரி கருவிகளை எழுதும் இளைஞர்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

நோட்டுகளைக் கட்டங்களாகக் காட்டும் பியானோ ரோல் திரையில் நீங்கள் பார்க்கும் அந்தக் கட்டம் ஒரு படம், அவ்வளவுதான். உள்ளே அப்படி ஒரு பொருளே கிடையாது. மின்னணு இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடி தரத்தில் ஒரு நோட் என்பது இரண்டு செய்திகள்: "இந்தக் கட்டையை இவ்வளவு வேகத்தில் அமுக்கினேன்", அப்புறம் "விட்டேன்". நடுவில் ஸ்வரத்தை வளைக்கும் வீலைத் திருப்பினால் அது தனிச் செய்தி, எந்த நோட்டுக்கும் சொந்தமில்லை, மொத்த சேனலுக்கும் பொது. பெடலும் அப்படித்தான். கீபோர்ட் வாசிப்பவரை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு என்பதால் பியானோவுக்கு இது போதும். நம் இசையில் ஸ்வரமும் அசைவும் தனித்தனி இல்லையே. தோடியில் காந்தாரத்தை அசைக்காமல் நேராகப் பிடித்தால் அது தோடியே இல்லை. ஆனால் மென்பொருளைப் பொறுத்தவரை காந்தாரம் ஒரு பட்டியலில் இருக்கிறது, அதன் அசைவு வேறொரு பட்டியலில் இருக்கிறது, நீங்கள் மவுஸால் பிடித்து இழுத்தது முதல் பட்டியலை மட்டும்.

சரி, நோட்டோடு பெண்டையும் (வீல் தரும் அந்த வளைவையும்) சேர்த்து நகர்த்திவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன். இரண்டு நாள் வேலை என்று திட்டம் போட்டோம். இரண்டு மாதம் ஆனது.

முதலில் செய்தது, நோட் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை உள்ள பெண்ட் புள்ளிகளை எல்லாம் அதோடு நகர்த்தியது. கேட்டால் தொடக்கம் பிசகியது. ஏனென்றால் வாசிப்பவர் கட்டையை அமுக்கும் முன்பே வீலைக் கீழே இழுத்து வைத்திருப்பார், அமுக்கிவிட்டு மேலே விடுவார். அந்த இழுப்பு நோட்டுக்கு முன்னால் நடந்தது, ஆகவே எங்கள் கணக்கில் வரவில்லை. நோட் தொடங்கும் கணத்தில் வீல் எங்கே நின்றது என்று பார்த்து அதையே முதல் புள்ளியாக எழுதினோம், தொடக்கம் சரியானது. அடுத்தது முடிவு. பெண்ட் நடுப்புள்ளிக்குத் திரும்பாவிட்டால் அதற்குப் பின்னால் வரும் அத்தனை நோட்டும் சுருதி விலகி ஒலிக்கும், ஆகவே நோட் முடிந்ததும் வீலை நடுவுக்குக் கொண்டுவந்தோம். மிடியில் பெண்டுக்கு 16384 படிகள், நடு 8192. எண் சரியாகத்தான் இருந்தது, கேட்கத்தான் முடியவில்லை. கட்டையை விட்ட பிறகும் ஒலியின் வால் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா, அந்த வாலைப் பிடித்து நடுவுக்கு இழுத்துவிட்டோம். ஒவ்வொரு ஸ்வரத்தின் கடைசியிலும் 'குயிங்' என்று ஒரு கத்தல். கடைசியில் அந்தத் திரும்பலை நோட் முடியும் இடத்தில் வைக்காமல், அடுத்த நோட் தொடங்குவதற்கு ஒரு மயிரிழை முன்னால் வைத்தோம். ஹெட்போனில் கேட்டுக்கேட்டுத்தான் இது பிடிபட்டது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கடைசிவரை தெரிந்திருக்காது.

அப்புறம் பெண்ட் ரேஞ்ச். பெரும்பாலான கருவிகளில் வீலைக் கடைசிவரை திருப்பினால் மேலே இரண்டு, கீழே இரண்டு அரைஸ்வரம் வரைதான் போகும். ஸ-விலிருந்து ப-வுக்கு ஜாரு போட (வழுக்கிக்கொண்டு போக) ஏழு அரைஸ்வரம் வேண்டும், அதனால் நம் ஆட்கள் ரேஞ்சை 12 என்று வைத்து வாசிப்பார்கள். அந்த நோட்டுகளை ரேஞ்ச் 2 இருக்கும் இன்னொரு டிராக்குக்குக் காப்பி செய்தால், படத்தில் வளைவு அப்படியே இருக்கும், காதில் அசைவு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இதைப் படிக்கும் உங்களில் சிலருக்காவது இது நடந்திருக்கும், பிளக்-இன் சரியில்லை என்று நினைத்திருப்பீர்கள். டிராக் மாற்றும்போது இரண்டு பக்கமும் ரேஞ்ச் ஒன்றா என்று முதலில் பாருங்கள்.

கமகத்தோடு இது முடியவில்லை. பார்க்கப்போனால் நோட் எடிட்டரில் வரும் பெரும்பாலான கோளாறுகள் ஒரே குணம் கொண்டவை: நீங்கள் ஒன்றைத் தொடுகிறீர்கள், நீங்கள் பார்க்காத இன்னொன்று சத்தமில்லாமல் மாறுகிறது.

இழுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டைப் பிடித்து இடமிருந்து வலமாக எட்டு பீட் இழுக்கிறீர்கள். வழியில் அதே வரிசையில் வேறு மூன்று நோட் இருக்கின்றன. ஒரே ஸ்வரம் ஒன்றின் மேல் ஒன்று இருக்கக் கூடாது என்று எடிட்டரில் ஒரு விதி உண்டு, நியாயமான விதிதான், ஏனென்றால் மிடி 1.0இல் 'விட்டேன்' என்ற செய்தியில் நோட்டை அடையாளம் காட்டச் சேனலும் கட்டையின் எண்ணும் மட்டுமே இருக்கும், எந்த அமுக்கலுக்கான விடுதல் என்று சொல்ல அதில் வழியில்லை. ஆனால் எங்கள் பழைய கோட் அந்த விதியை மவுஸ் அசையும் ஒவ்வொரு முறையும் அமல்படுத்தியது. விளைவு, இழுபடும் நோட் வழியில் இருந்த மூன்றையும் தின்றுகொண்டே போய்ச் சேர்ந்தது. பெரிதாக்கி வேலை செய்பவருக்கு அது கண்ணில் படும். சின்ன லேப்டாப் திரையில் முப்பத்திரண்டு பாரையும் ஒன்றாக வைத்து டச்பேடில் இழுப்பவருக்குத் தெரியாது. மிக்ஸ் முடித்து அனுப்பிய பிறகுதான் மூன்று அடி காணாமல் போனது தெரியும்.

இதற்கு வைத்தியம் எளிது, ஆனால் ஆரம்பத்திலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும். மவுஸை அமுக்கிய கணத்தில் எல்லா நோட்டும் எப்படி இருந்தன என்று ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். இழுக்கும்போது ஒவ்வொரு முறையும் அந்த நகலிலிருந்தே கணக்குப் போட வேண்டும், கடந்த அசைவின் மேல் அடுத்த அசைவைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. மோதல் இருந்தால் மவுஸை விட்ட பிறகு தீர்க்க வேண்டும். அன்டூவில் அது மொத்தமும் ஒரே படியாக இருக்க வேண்டும்.

வெலாசிட்டியிலும், அதாவது கட்டையை அமுக்கிய வேகத்திலும், இதே கதை. அதுதான் சத்தத்தைத் தீர்மானிக்கும், உச்ச எண் 127. 110, 118, 125 என்று மூன்று அடி, அழகாக ஏறி வருகிறது. 20 கூட்டினால் மூன்றும் 127இல் முட்டி நிற்கும். அதிகமாகிவிட்டது என்று 20 குறைக்கிறீர்கள், மூன்றும் 107. ஏற்றம் போய்விட்டது, வாசித்தவர் கையில் இருந்தது போய்விட்டது. கூட்டத்தில் மிகப் பெரிய எண் உச்சியைத் தொட்டதும் மொத்தக் கூட்டமும் நின்றுவிட வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் குழுவில் இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இருந்தார்கள், "பயனர் 20 கேட்டால் 20 கொடுக்கணும்" என்றார்கள். அவர் கேட்டது சத்தம், மூன்றும் ஒன்றாக வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை.

ஸ்வரத்தை ஏற்றி இறக்குவதில் ஒரு பொறி உண்டு, இதில் அனுபவசாலிகளும் விழுகிறார்கள். பாடகருக்குக் கீழ் ஸ்வரங்கள் எட்டவில்லை, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இரண்டு அரைஸ்வரம் ஏற்றுகிறீர்கள். டிரம்ஸும் சேர்ந்து ஏறிவிட்டால், எந்த எண்ணுக்கு எந்த டிரம் என்று வகுத்த ஜெனரல் மிடி கணக்கில் 36இல் இருந்த கிக் 38க்குப் போய் ஸ்நேர் ஆகிவிடும். இது உடனே காதில் விழுந்துவிடும் என்பதால் ஆபத்தில்லை. வயலின் லைப்ரரியில் கீழ்க்கோடியில் வைத்திருக்கும் கீஸ்விட்சுகள்தான் ஆபத்து. இப்போது வில்லால் வாசி, இப்போது விரலால் மீட்டு என்று சொல்லும் கட்டைகள் அவை, ஒலி கிடையாது. அவையும் இரண்டு கட்டை ஏறினால் மென்மையாக வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வாசிப்பு வரும், அதுவும் பின்னணியில் அடங்கி ஒலிக்கும் ஸ்ட்ரிங்ஸ் என்றால் கடைசிவரை யாரும் கவனிக்க மாட்டார்கள். 60ஆம் எண் கட்டையை யமஹா சி3 என்கிறது, ரோலண்ட் சி4 என்கிறது, எஃப்.எல். ஸ்டூடியோ சி5 என்று காட்டுகிறது. ஆகவே கீஸ்விட்ச் எங்கே என்று கையேட்டில் படித்ததும் உங்கள் திரையில் தெரிவதும் ஒரு ஸ்தாயி விலகி இருக்கலாம். பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

குவான்டைஸ், அதாவது வாசித்த அடியைத் தாளக் கோட்டுக்கு இழுத்து ஒட்டுவது, அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரோஜர் லின் 1980இல் கொண்டுவந்த எல்எம்-1 டிரம் இயந்திரத்திலேயே அடியைக் கோட்டுக்கு இழுக்கும் வசதியும், அந்தக் கோட்டையே கொஞ்சம் தள்ளி ஆட வைக்கும் ஷஃபிள் வசதியும் இருந்தன. இன்று எல்லா மென்பொருளிலும் ஒரே பட்டன். பறை சாம்பிளைப் பேடில் வாசிக்கும் ஒரு தம்பி ஒரு பதிவு அனுப்பினார். இரண்டு குச்சியும் முன்பின்னாக விழும் அடி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் சுமார் 25 மில்லிசெகண்ட். நிமிடத்துக்கு 120 பீட், ஒரு பீட்டுக்கு 480 டிக் (மென்பொருள் நேரத்தை அளக்கும் சின்னத் துண்டு) என்றால் ஒரு டிக் ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட், பதினாறில் ஒரு பங்குக் கோடுகள் 120 டிக் இடைவெளியில் நிற்கின்றன. இரண்டு அடிக்கும் மிக அருகில் இருப்பது ஒரே கோடு. பட்டனை அமுக்கியதும் இரண்டும் அதில் போய் ஒட்டிக்கொண்டன, ஒரே கட்டை, ஒரே நேரம், ஆகவே ஒன்று தேவையில்லை என்று எடிட்டர் அழித்துவிட்டது. 'ட்ரப்' என்று விழ வேண்டியது 'டப்' என்று விழுந்தது. சேமித்து மூடிவிட்டார், அன்டூ இல்லை.

இப்போது எங்கள் எடிட்டரில் வாசித்த நேரம் ஒரு இடத்திலும், திருத்திய நேரம் வேறு இடத்திலும் இருக்கின்றன. குவான்டைஸ் இரண்டாவதை மட்டுமே தொடும், ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் மூலத்துக்குத் திரும்பலாம். மிக நெருங்கிய இரண்டு அடி வந்தால், பெரிய அடி கோட்டுக்குப் போகும், சின்ன அடி அதே இடைவெளியோடு அதைத் தொடரும். உங்கள் மென்பொருளில் இது இல்லையென்றால் முழு அளவில் இழுக்காதீர்கள், எவ்வளவு தூரம் இழுப்பது என்று சொல்லும் ஸ்ட்ரெங்தைப் பாதியில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், நான் பார்த்தவரை பாதி இடங்களில் அதற்கு மேல் தேவைப்படாது. அதற்கும் முன்னால், வாசித்து முடித்த டிராக்கை அப்படியே இன்னொரு நகல் எடுத்து மியூட் செய்து கீழே வைத்துவிடுங்கள். மிடி டிராக்குக்கு இடமே ஆகாது, சில கிலோபைட்தான்.

தரங்களும் மெல்ல நம் பக்கம் வருகின்றன. 2011இல் பிளக்-இன்களுக்கான வி.எஸ்.டி. 3.5 தரத்துடன் வந்த நோட் எக்ஸ்பிரஷன் அசைவை நோட்டோடு சேர்த்துக் கட்டியது, 2018இல் மிடி தரமாக ஏற்கப்பட்ட எம்.பி.இ. என்ற முறை ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு சேனல் கொடுத்தது, 2020இல் வந்த மிடி 2.0 நோட்டுக்கு நோட் தனிப் பெண்டை அனுமதிக்கிறது. ஆனால் உங்கள் கீபோர்டும் சாம்பிள் லைப்ரரியும் மென்பொருளும் மூன்றும் ஒத்துழைத்தால்தான் இவை பலன் தரும். பழைய முறையிலேயே வேலை செய்பவர்கள், தங்கள் மென்பொருளில் நோட்டோடு கன்ட்ரோலரையும் (வீல், பெடல் செய்திகளையும்) சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி எங்கே இருக்கிறது என்று தேடி வையுங்கள். கியூபேஸ் மென்பொருளில் அதற்கு 'ஆட்டோ செலக்ட் கன்ட்ரோலர்ஸ்' என்றே ஒரு பட்டன் உண்டு. புது மென்பொருள் வாங்கினால் முதல் நாளே ஒரு சோதனை செய்யுங்கள்: இரண்டு நோட், நடுவில் வீலை ஒரு திருப்பு, காப்பி, பேஸ்ட், கேளுங்கள். ஐந்து நிமிடம்.

எடிட்டர் எழுதும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆர்டர் (Ardour), எல்.எம்.எம்.எஸ். (LMMS) என்ற இசை மென்பொருள்கள் இரண்டும் திறந்த மூலம், நோட் நகர்த்தும் பகுதியை எடுத்து உட்கார்ந்து படியுங்கள். அப்புறம் உங்கள் எடிட்டரைச் சின்னத் திரையில், டச்பேடில் பயன்படுத்திப் பாருங்கள். ஆறு பிக்சல் அகலமுள்ள ஒரு நோட்டில் இரண்டு ஓரமும் மூன்று மூன்று பிக்சல் நீட்டும் பிடியாக இருந்தால், நகர்த்தப் போன ஒவ்வொரு முறையும் நீளம்தான் மாறும். நடு மூன்றில் ஒரு பங்கை எப்போதும் நகர்த்துவதற்கே விட்டுவிடுங்கள்.

ஏதாவது காணாமல் போனால் 'வேலை செய்யல' என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு மென்பொருளுக்குப் போய்விடாதீர்கள். கெட்டுப்போவதற்கு முந்தைய ஃபைல், என்ன செய்தீர்கள் என்ற வரிசை, கெட்ட ஃபைல், இந்த மூன்றும் கிடைத்தால் எங்களால் பிடித்துவிட முடியும். அந்த நாதஸ்வர ஃபைலை அவரிடம் அனுமதி கேட்டு எங்கள் சோதனைகளில் சேர்த்துவிட்டோம். ஒவ்வொரு முறை மென்பொருளின் நிரலை மாற்றும்போதும் கணினி அந்த இரண்டு பாரைக் காப்பி செய்து, நான்கு பார் தள்ளி வைத்து, அன்டூ செய்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு டிக் மாறினாலும் பில்ட், அதாவது புதுப் பதிப்பு உருவாவது, நின்றுவிடும்.