சுவரை வெளியே இழுக்கும் எடை: கார் ஷெட்டில் தட்டுகள் நிற்கும் விதம்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் சாமான் வைக்கச் சுவருக்குள்ளேயே மாடம் இருக்கும், சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரி இருக்கும், தலைக்கு மேலே பரண் இருக்கும். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு அங்கே அரிது. கட்டடக் கணக்காகப் பார்த்தால் அது மிகச் சரியான முடிவு. மாடத்தில் வைத்த விளக்கின் எடை சுவரின் கனத்துக்குள் விழுந்து, செங்கல் வழியாக நேரே அஸ்திவாரத்துக்கு இறங்கிவிடுகிறது. சுவருக்கு அது கொஞ்சம் கூடுதல் பாரம், அவ்வளவுதான்.

இன்று காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வீட்டோடு இருக்கும் கார் ஷெட்டில் காரைத் தவிர எல்லாமும் சேர்கிறது. பெயின்ட் வாளி, பழைய பேட்டரி, ஏணி, ஆச்சி காலத்துச் சீர் அண்டா, தரை போட்டபோது மிஞ்சிய ஆத்தங்குடிக் கற்கள். இவற்றைத் தரையிலிருந்து தூக்க, துளைகள் வரிசையாக வெட்டிய இரும்புச் சேனல்களைச் சுவரில் அடித்து, பிராக்கெட்டை வேண்டிய உயரத்தில் மாட்டி, மேலே பலகை போடுகிறோம். ஒரு பொருள் உயரமாக வந்தால் தட்டை நாலு துளை மேலே ஏற்றிக்கொள்ளலாம். வசதியான ஏற்பாடு. ஆனால் மாடத்துக்கு இல்லாத ஒரு விசை இங்கே புதிதாக முளைக்கிறது. அது சுவரைக் கீழே அழுத்துவதில்லை. திருகைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கிறது.

நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடிவரை நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்து எண்ணுவதற்குள் தோள் கெஞ்சும். குடத்தின் எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது. விசையையும் தூரத்தையும் பெருக்கினால் வருவதைப் பள்ளிப் பாடத்தில் திருப்புத்திறன் என்று படித்திருப்போம். தட்டின் கதை முழுவதும் அந்த ஒரு பெருக்கலில் அடங்கியிருக்கிறது.

ஒரு தட்டின் அகலம் 30 செ.மீ. என்று கொள்வோம். அதில் 40 கிலோ பொருள் பரவலாக இருக்கிறது, தாங்க இரண்டு சேனல்கள். ஒரு சேனலுக்கு 20 கிலோ, அதாவது ஏறக்குறைய 200 நியூட்டன். எடையின் மையம் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. பெருக்கினால் 30 நியூட்டன் மீட்டர். பிராக்கெட்டைச் சுவரிலிருந்து கவிழ்க்கப் பார்க்கும் அளவு இது. அதே எடையைத் தட்டின் வெளி விளிம்பில் அடுக்கினால் தூரம் இரண்டு மடங்காகி 60 ஆகிவிடும். கனமான வாளியைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைக்கச் சொல்வதற்கு வேறு காரணம் தேவையில்லை.

இந்தக் கவிழ்ப்பை பிராக்கெட் எப்படிச் சமாளிக்கிறது? அதன் பின்பக்கத்தில் கீழ்நோக்கி வளைந்த கொக்கிகள் இருக்கின்றன. நுனியைத் தூக்கிப் பிடித்துக் கொக்கியைத் துளைக்குள் நுழைத்துக் கீழே இறக்கினால், மேல்கொக்கி துளையின் பின்புறத்தில் போய் மாட்டிக்கொள்ளும், பிராக்கெட்டின் அடிப்பகுதி சேனலின் முகத்தில் அழுந்தும். மேலே இழுப்பு, கீழே தள்ளல். இரண்டுக்கும் இடையே 6 செ.மீ. இருந்தால், 30 நியூட்டன் மீட்டரை ஈடுகட்ட மேல்கொக்கியில் 500 நியூட்டன் இழுப்பு தேவை. தட்டின் அந்தப் பாதியில் இருப்பது 20 கிலோதான், கொக்கி தாங்குவதோ 50 கிலோ எடைக்குச் சமமான விசை! மெல்லிய தகட்டில் வளைத்த மலிவான பிராக்கெட்டின் கொக்கி நாளடைவில் நிமிர்ந்துபோவது இதனால்தான்.

இந்தக் கொக்கியின் அழகு, எடை கூடக்கூட அது இறுகுகிறது என்பது. பூட்டோ திருகோ வேண்டியதில்லை. ஆனால் எடை இல்லாத வெறும் தட்டைக் கீழிருந்து ஏணியால் ஒரு இடி இடித்தால் கழன்று விழும். ஏணி சாய்க்கும் பக்கத்தில் தட்டு போடாமல் இருப்பது நல்லது.

சேனலின் பங்கு இன்னும் சுவையானது. சாதாரண எல் வடிவப் பிராக்கெட்டை நேரடியாகச் சுவரில் அடித்தால், அதன் மேல் திருகுக்கும் அடி நுனிக்கும் இடையே 10 செ.மீ. இருக்கும். 30 நியூட்டன் மீட்டருக்கு மேல் திருகில் 300 நியூட்டன் இழுப்பு. அதையே ஒரு மீட்டர் நீளச் சேனலில் மாட்டினால் சேனல் முழுவதும் நெம்புகோலின் கை ஆகிறது. அது வளையாத கம்பி என்று வைத்துக்கொண்டால் மேல் திருகுக்கு வெறும் 30 நியூட்டன்தான். அப்படி மூன்று தட்டு மாட்டினாலும் 90 நியூட்டன், ஏறத்தாழ 9 கிலோ. நிஜச் சேனல் கொஞ்சம் வளையும். அதனால் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் திருகு தன் பங்குக்கு மேல் இழுபடும். கொடுத்திருக்கிற எல்லாத் திருகுத் துளைகளிலும் திருகு போட வேண்டும், ஒன்றுவிட்டு ஒன்று போடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இவ்வளவும் இரும்பின் கணக்கு. இரும்பு பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. ஏமாற்றக்கூடியது சுவர். செட்டிநாட்டில் ஒரே தெருவில் நூறாண்டுச் சுண்ணாம்புச் சுவரும், சிமென்ட் பூசிய சேம்பர் செங்கல் சுவரும், ஹாலோ பிளாக் சுவரும் அடுத்தடுத்து நிற்கின்றன. வெளியே பெயின்ட் அடித்துவிட்டால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். எது எது என்பதை டிரில் மெஷினிலிருந்து கொட்டும் தூள் சொல்லும். முதலில் வெளுத்த தூள் வந்து பிறகு செந்தூள் வந்தால் பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் போய்விட்டோம். செந்தூளுக்கு நடுவே மறுபடி வெளுத்த தூள் வந்தால் இரண்டு செங்கல்லுக்கு இடைப்பட்ட சாந்தில் இறங்கியிருக்கிறோம். சாம்பல் தூள் வந்து, மெஷின் திணறினால் கான்கிரீட் தூண். சாம்பல் தூள் கொஞ்சம் வந்து, டிரில் சட்டென்று உள்ளே பாய்ந்தால் பிளாக்கின் பொள்ளல். முதல் துளையை நிதானமாகப் போட்டு, தூளைக் காகிதத்தில் பிடித்துப் பாருங்கள். அதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரி டிரில்லால் துளையிடுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் ஒயர் ஓடும் பாதை, அங்கே துளை வேண்டாம். கண்ணாடி அணிய மறக்காதீர்கள். சுண்ணாம்புத் தூள் கண்ணை அரிக்கும்.

துளைக்குள் நாம் செருகும் பிளக்கின் வேலை உராய்வு. ஒரு காலத்தில் ஆசாரிகள் சுவரைக் கொத்தி மரக்கட்டையை இறுக்கி, அதில் ஆணி அடித்தார்கள். மரம் காய்ந்து சுருங்கும்போது பிடி தளரும், கரையானும் வரும். நாம் இப்போது பயன்படுத்தும் நைலான் பிளக்கை 1958இல் ஜெர்மனியின் ஆர்டூர் ஃபிஷர் உருவாக்கினார். திருகு உள்ளே போகப் போகப் பிளவுபட்ட நைலான் விரிந்து துளையின் சுவரை நெருக்குகிறது. அந்த நெருக்கத்தால் எழும் உராய்வுதான் திருகை வெளியே வரவிடாமல் பிடிக்கிறது. ஆகவே பிளக்கின் பலம் அதைச் சுற்றியிருக்கும் பொருள் எவ்வளவு நெருக்கத்தை விரிசல் விடாமல் தாங்கும் என்பதைப் பொறுத்தது. கான்கிரீட் நன்றாகத் தாங்கும். செங்கல் அதைவிடக் குறைவாக. சுண்ணாம்புச் சாந்து மிகக் குறைவாக. ஒரே பிளக், ஒரே திருகு, மூன்று சுவர்களில் மூன்று வகைப் பிடி.

சுண்ணாம்பு ஏன் இப்படி? கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ சுடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. தண்ணீர் விட்டுத் தாளித்து, மணலோடு அரைத்துப் பூசிய பிறகு, அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. மேற்பரப்பில் தொடங்கி உள்ளே நகரும் இந்த வேலை முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். சிமென்ட் அளவுக்கு அது கெட்டிப்படுவதில்லை. கெட்டிப்படாததே அதன் சிறப்பும்கூட: வெயிலில் சுவர் விரியும்போது கொஞ்சம் இணங்கிக் கொடுக்கும், ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது. கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பல அடுக்காகப் பூசிய செட்டிநாட்டுப் பூச்சு, தொட்டால் குளிர்ச்சியும் பார்த்தால் பளிங்கின் பளபளப்பும் தருவது. அதே பூச்சு, உள்ளே பிளக் விரிந்தால் அடுக்கடுக்காகப் பிரிந்து வந்துவிடும். பழைய செங்கற்கள் மெலிந்தவை, அதனால் ஒரு முழ உயரத்தில் சாந்து வரிகள் நிறைய. கண்ணை மூடிக்கொண்டு துளையிட்டால் சாந்தில் இறங்கும் வாய்ப்பு கூடுதல்.

கனத்த பூச்சு இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. சேனலை இறுக்கமாகத் திருகினால் எடையின் பெரும்பகுதியை சேனலுக்கும் சுவருக்கும் இடையேயான உராய்வே தாங்கிவிடும். பூச்சு மென்மையாக இருந்தால் அது நசுங்கி இறுக்கம் போய்விடும். அப்போது திருகு, பூச்சின் கனம் முழுவதையும் தாண்டி நிற்கும் ஒரு சின்னக் கம்பியாகி, எடைக்குக் கீழே வளையத் தொடங்கும். பழைய செங்கல் சுவரில் தட்டு மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நீளமான பிளக் எடுத்து, அதன் விரியும் பகுதி முழுதும் செங்கல்லுக்குள் இருக்கும்படி பாருங்கள். டிரில்லின் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளையிடுங்கள். சுத்தியல் அடி, சாந்தை உதிர்த்துத் துளையின் வாயை அகலமாக்கிவிடும். ஹாலோ பிளாக்கானால் உள்ளே போய் மடிந்து பின்புறம் பிடித்துக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

முட்டைப் பூச்சு இன்னும் மின்னிக்கொண்டிருக்கும் சுவரைத் துளைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அந்தப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவருகிறார்கள், உடைந்தது உடைந்ததுதான். அங்கே துளையிட்ட எல் வடிவ இரும்பு ஆங்கிளால் ஆன நான்கு கால் ரேக் போடுங்கள். அதிலும் தட்டை ஏற்றி இறக்கலாம். எடை காலோடு தரைக்கு இறங்கிவிடும். முன்காலும் பின்காலும் தள்ளி நிற்பதால் கவிழ்க்கும் விசை எழுவதே இல்லை. ரேக்கின் உச்சி ஆடாமலிருக்க மேல் உத்திரத்தோடு கட்டிவிட்டால் போதும். ஆத்தங்குடிக் கற்களுக்கு எந்தச் சுவராக இருந்தாலும் இதையே சொல்வேன். எட்டு அங்குலச் சதுரம், 2 செ.மீ. கனம் என்றால் ஒரு கல்லின் எடை ஒன்றே முக்கால் கிலோவை நெருங்கும். மிஞ்சியது ஐம்பது கல் என்றாலே 80 கிலோவுக்கு மேல். அது சுவரில் தொங்க வேண்டிய பாரமல்ல.

சுவர் சம்மதித்துவிட்டால் மாட்டுவது எளிது. முதல் சேனலை மேல் திருகில் மட்டும் தளர்வாகத் தொங்கவிடுங்கள். தூக்குக்குண்டு போலவே அதன் எடை மையம் திருகுக்கு நேர் கீழே வந்து நின்றுவிடும். அந்த நிலையில் மற்றத் துளைகளைக் குறித்துக்கொள்ளலாம். இரண்டாவது சேனலுக்குத் தரையிலிருந்து உயரம் அளக்காதீர்கள். தண்ணீர் வெளியே ஓடக் கார் ஷெட் தரையை வாசல் பக்கம் சரித்துத்தான் போட்டிருப்பார்கள். முதல் சேனலின் மேல் துளையிலிருந்து ரசமட்டம் வைத்து அடுத்ததைக் குறியுங்கள். சேனலை அறுத்துக் குறைத்திருந்தால் இரண்டையும் ஒரே முனையில் அறுத்திருக்க வேண்டும், இல்லையேல் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக வராது.

பலகை தொய்வதிலும் தூரம்தான் கணக்கு. ஒரே சீராகப் பாரம் பரவிய பலகையில், தாங்கிகளுக்கு இடையேயான தூரத்தைப் பாதியாக்கினால் தொய்வு 16இல் ஒரு பங்காகிவிடும். தூரத்தின் நான்காம் மடியைப் பொறுத்து அது மாறுகிறது. இரண்டு சேனல்கள்தான் என்றால், அவற்றைப் பலகையின் இரண்டு ஓரத்தில் வைக்காமல் ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே தள்ளி வையுங்கள். வெளியே நீட்டும் ஓரங்களின் பாரம் நடுப்பகுதியை மேலே தூக்கிக் கொடுக்கும். மிகச் சரியாக அமைந்தால் தொய்வு ஏறத்தாழ 48இல் ஒன்றாகக் குறைகிறது! ஒரு ரூபாய் கூடச் செலவில்லாத லாபம். பார்ட்டிகிள் போர்டு நாள்பட்ட பாரத்தில் நிரந்தரமாக வளைந்துவிடும், மழைக்கால ஈரத்தில் ஊதும், பிளைவுட்டே மேல்.

துருவுக்கு ஒரு வார்த்தை. காரைக்குடியிலேயே 1953இலிருந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது, உலோக அரிமானம் அதன் முக்கியத் துறைகளில் ஒன்று. துத்தநாகம் பூசிய திருகில் கீறல் விழுந்தால், இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தன்னை அரித்துக் கொடுத்து இரும்பைக் காக்கும். ஆனால் ஆக்சா பிளேடால் அறுத்த சேனலின் முனை பெரிதும் வெறும் இரும்பாகத் திறந்து கிடக்கும், அதில் பெயின்ட் தொட்டு வையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு நேர் மேலே சேனல் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது எழும் அமிலச் சாரல் துத்தநாகத்தை வேகமாகத் தின்றுவிடும்.

எல்லாம் மாட்டி முடித்ததும், பாரத்தை ஒரே நாளில் ஏற்றாமல் கீழ்த் தட்டிலிருந்து தொடங்கிச் சில நாட்களில் கூட்டுங்கள். சேனலின் மேல் முனைக்கும் சுவருக்கும் இடையே ஒரு மெல்லிய காகிதத்தைச் செருகிப் பாருங்கள், முதல் நாள் நுழையாது. ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் காகிதம் நுழைந்தால் மேல் திருகு வெளியே வரத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே பாரத்தை இறக்கி, அந்தத் திருகைக் கழற்றி, பிளக் எதில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.